அட்டவணை லைப்ரரியிலிருந்து மொமெண்ட், லோடாஷ், ஆக்ஸியோஸைக் கழற்றிய அனுபவம்

நான் பராமரிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் (பிற தளங்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) வேலை சாதாரணமானதுதான். சர்வரிலிருந்து தரவை எடுத்து அட்டவணையாகக் காட்டும், வரிசைப்படுத்தும், வடிகட்டும், ஒரு வரியைத் தட்டினால் அதன் விவரத்தைப் பெட்டியில் திறக்கும், கேட்டால் சிஎஸ்வி கோப்பாக இறக்கித் தரும். தமிழ்ப் பெயர்களும் தமிழ்த் தேதிகளும் நிறைய வரும் தளங்களுக்காக எழுதியது. எழுத ஆரம்பித்தபோது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 இன்னும் பல அலுவலகக் கணினிகளில் உட்கார்ந்திருந்தது, அதனால் எதற்கெடுத்தாலும் பிறர் எழுதி வைத்த ஒரு நிரல் பேக்கேஜைச் சேர்ப்பதுதான் அப்போது சரியான வழி. தேதிக்கு மொமெண்ட், ஆப்ஜெக்ட் வேலைக்கு லோடாஷ், சர்வரோடு பேச ஆக்ஸியோஸ், அடையாள எண்ணுக்கு யுயுஐடி, பெட்டிக்குள் ஃபோகஸை (விசைப்பலகை இப்போது எங்கே வேலை செய்கிறது என்பதை) பிடித்து வைக்க ஒன்று, பின்னால் பக்கம் உருளாமல் நிறுத்த ஒன்று, கோப்பு இறக்க ஒன்று, கிளிப்போர்டுக்கு ஒன்று என்று வளர்ந்துகொண்டே போனது.

அந்த பிரவுசருக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் நிறுத்திவிட்டது. பேக்கேஜ்கள் மட்டும் அப்படியே இருந்தன.

இந்த வேலையை எடுத்ததற்குக் கோப்பின் அளவு ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் அது இல்லை. நாம் ஒரு தளத்தை எழுதும்போது ஒரு வெளிப் பேக்கேஜைச் சேர்த்தால் அது நம்மோடு நிற்கும். லைப்ரரியில் சேர்த்தால், அதை இழுக்கும் ஒவ்வொருவருக்கும் அவர்களைக் கேட்காமலே நாம் அந்த முடிவை எடுத்துக் கொடுக்கிறோம். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற பதினொரு வரிப் பேக்கேஜை அதை எழுதியவர் என்பிஎம் என்ற பொதுப் பேக்கேஜ் கிடங்கிலிருந்து நீக்கியபோது, அந்தப் பெயரையே கேள்விப்படாதவர்களின் பில்டுகளும் உடைந்தன. 2024 ஜூனில் பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிகளைத் தந்துவந்த பாலிஃபில்.ஐஓ தளத்தின் விவகாரம் வெளியே வந்தது: டொமைன் கைமாறி, அதிலிருந்து ஸ்கிரிப்ட் இழுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களுக்குத் தீங்கான நிரல் போய்ச் சேர்ந்திருந்தது. 2025 செப்டம்பரில் சாக், டீபக் உட்பட 18 பேக்கேஜ்களில் கிரிப்டோ பணத்தைத் திசைதிருப்பும் நிரல் நுழைந்தது. பராமரித்தவர் ஒரு போலி மின்னஞ்சலை நம்பியதுதான் அதற்குப் போதுமானதாக இருந்தது. அந்தப் பேக்கேஜ்கள் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 200 கோடிக்கும் மேல் இறங்குபவை. என்னுடையது சின்ன லைப்ரரிதான், ஆனாலும் அதை நம்பி இழுப்பவர்களுக்கு என் பெயரில் எத்தனை பேருடைய நிரல் போகிறது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் செய்தது கழற்றுவது இல்லை, கணக்கெடுப்பது. என்பிஎம் எல்எஸ் கட்டளையில், எந்தப் பேக்கேஜ் எதை இழுக்கிறது என்ற முழு மரத்தையும் பார்த்தேன், அப்புறம் ஒவ்வொரு பேக்கேஜிலிருந்தும் உண்மையில் எந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிறோம் என்று தேடி எழுதினேன். லோடாஷில் நாங்கள் தொட்டது ஐந்தாறு ஃபங்ஷன்கள்தான். அவற்றுக்கு இப்போது என்ன கொடுத்தால் என்ன வருகிறது என்று தானாகச் சோதிக்கும் டெஸ்ட் எழுதினேன், சரியான விடை, தவறான விடை என்று பார்க்காமல் இன்றைக்கு வரும் விடையை அப்படியே பதிந்து வைத்தேன். பிரவுசரின் வசதிக்கு மாறும்போது எங்கே நடத்தை மாறுகிறது என்பதை அந்த டெஸ்டுகள்தான் காட்டிக் கொடுத்தன. இந்தப் படியை யாரும் தாண்டிப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

தேதியும் தமிழும்

மொமெண்ட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதில்தான் கற்றுக்கொண்டது அதிகம். மொமெண்ட்டை எழுதியவர்களே 2020 செப்டம்பரில் இனி இதில் புது வசதி வராது, புதுத் திட்டங்களில் வேறு எதையாவது பாருங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சுட்டிய வழிகளில் ஒன்று, தேதி, எண், அகர வரிசை எல்லாவற்றையும் மொழிக்கு ஏற்பத் தரும், பிரவுசருக்குள்ளேயே இருக்கும் இன்ட்ல்.

மொமெண்ட்டின் தமிழ்க் கோப்பைத் திறந்து பார்த்தவர்கள் குறைவாக இருப்பார்கள். யாரோ அன்போடு எழுதியது அது. எண்களை எல்லாம் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்ணாக மாற்றிவிடும். காலை மாலை என்று காட்ட வேண்டிய இடத்தில் வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று சங்க இலக்கணத்தின் ஆறு சிறுபொழுதுகளும் வரும். படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு பணம் கட்டிய ரசீதில் "௦௩:௩௦ எற்பாடு" என்று வந்தால், கவுன்ட்டரில் நிற்பவருக்கு அது எத்தனை மணி என்று யாராவது விளக்க வேண்டும். அதனால் எங்கள் லைப்ரரியில் மொமெண்ட் தந்த சரத்தை (எழுத்துத் தொடரை) எடுத்து, தமிழ் எண்ணைத் திரும்ப 1, 2, 3 ஆக்கி, பொழுதின் பெயரையும் மாற்றும் ஒரு ஒட்டு வேலை பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

இன்ட்லின் டேட்டைம்ஃபார்மட்டுக்கு மொழி தமிழ் என்று கொடுத்து நீள வடிவம் கேட்டால் "15 ஜனவரி, 2024" என்று வருகிறது. நேரத்துக்கு டேபீரியட் என்ற தேர்வைச் சேர்த்தால் காலை, பிற்பகல், மாலை, இரவு என்று இன்றைக்கு நாம் சொல்கிற பெயர்களே கிடைக்கின்றன. தமிழ் எண்தான் வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கும் வழி இருக்கிறது, நம்பரிங்சிஸ்டம் என்ற தேர்வில் டேமல்டெக் என்று கொடுத்தால் போதும். ஒட்டு வேலை முழுவதையும் அழித்தேன்.

இன்னும் நன்றாக இருந்தது ரிலேட்டிவ்டைம்ஃபார்மட். மூன்று நாளுக்கு முந்தைய பதிவுக்கு மொமெண்ட் "௩ நாட்கள் முன்" என்று காட்டும், மூன்று நாள் கழித்து வருவதற்கு "௩ நாட்கள் இல்" என்று காட்டும். காரணம் அது கட்டப்பட்ட விதம். அளவைத் தனியாக ஒரு சரமாகச் செய்துகொண்டு, பின்னால் "முன்" அல்லது "இல்" என்று ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் இந்த ஒட்டு சரியாக உட்காரும். தமிழில் வேற்றுமை உருபு சொல்லுக்குள்ளே புகுந்து அதை மாற்றும் என்பதால் உட்காராது. இன்ட்லுக்குப் பின்னால் இருப்பது யூனிகோட் அமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர் தரவு, அதில் ஒவ்வொரு அலகுக்கும் முழு வாக்கியத் துண்டாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே "3 நாட்களுக்கு முன்" என்றும் "3 நாட்களில்" என்றும் ஒழுங்காக வருகிறது. நியூமரிக் தேர்வை ஆட்டோ என்று வைத்தால் இன்னும் ஒரு படி மேலே போய் "நேற்று", "நேற்று முன் தினம்", "நாளை", "நாளை மறுநாள்" என்றே தருகிறது. இதை முதல்முறை திரையில் பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஒரு சிக்கல், இரண்டு தேதிகளுக்கு நடுவில் எத்தனை நாள், அதை நாளாகச் சொல்வதா மாதமாகச் சொல்வதா என்று ரிலேட்டிவ்டைம்ஃபார்மட் தானாக முடிவெடுக்காது. எண்ணையும் அலகையும் நாம்தான் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினேன், நிமிடத்திலிருந்து வருடம் வரை படிப்படியாக வகுத்துப் பார்ப்பது, இருபது வரிக்குள் முடிந்தது.

கஷ்டமான பகுதி தேதியைப் படிப்பது. இன்ட்ல் தேதியை எழுதிக் காட்டும், எழுதியதைப் படிக்காது. "15/01/2024" என்ற சரத்தை ஜாவாஸ்கிரிப்ட்டின் சொந்தத் தேதி வகையான டேட்டின் கன்ஸ்ட்ரக்டரில் போட்டால் செல்லாத தேதி என்று வரும், அதுகூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். "05/01/2024" என்று போட்டால் குரோமில் சத்தமே இல்லாமல் மே 1 ஆகிவிடும், நாம் நினைத்ததோ ஜனவரி 5. இதோடு இன்னொன்று, "2024-01-15" என்று நேரம் இல்லாமல் கொடுத்தால் டேட் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும், மொமெண்ட் உள்ளூர் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது, ஏனென்றால் நாம் யுடிசிக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், தேதி அதேதான். டொரன்டோவில் இருப்பவருக்கு அதே வரி ஜனவரி 14 என்று காட்டும். கணினியின் நேர மண்டலத்தை மாற்றி டெஸ்டை ஓட்டினால்தான் இது வெளியே வரும், நான் நியூயார்க், கொல்கத்தா, ஆக்லாந்து மூன்றிலும் ஓட்டுகிறேன்.

கடைசியில் நான் எடுத்த முடிவு, லைப்ரரிக்குள் வரும் தேதி 2024-01-15 போன்ற ஐஎஸ்ஓ வடிவத்தில் மட்டும்தான் இருக்க வேண்டும். நேரம் இல்லாத தேதியாக இருந்தால் இடைக்கோட்டில் பிரித்து வருடம், மாதம், நாள் மூன்றையும் தனித்தனி எண்ணாக டேட்டுக்குக் கொடுக்கிறோம், அப்போது அது உள்ளூர் தேதியாகவே நிற்கும். இந்த இடத்துக்கெல்லாம் சரியான மருந்து டெம்போரல் என்ற புது வசதி, நேரமே இல்லாத வெறும் தேதிக்கு அதில் தனி வகை இருக்கிறது. எல்லா பிரவுசருக்கும் அது பரவி முடியும்வரை இந்த மூன்று எண் வழி போதும்.

பழைய பயனர்கள் நாள், மாதம், வருடத்துக்கான எழுத்துகளை வைத்து மொமெண்ட் பாணியில் வடிவம் கொடுத்திருந்தார்கள். அதை ஒரேயடியாக வெட்ட மனம் வரவில்லை. ஃபார்மட்டுபார்ட்ஸ் என்ற ஃபங்ஷன் தேதியை நாள், மாதம், வருடம் என்று துண்டு துண்டாகத் தருகிறது, அந்தத் துண்டுகளை வைத்து அதிகம் புழங்கிய சில வடிவங்களை மட்டும் தொடர்ந்து தாங்கினேன்.

டெஸ்ட் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்ட்ல் தரும் சரத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாதீர்கள். சிஎல்டிஆர் புதுப்பிக்கும்போதெல்லாம் அந்தச் சரம் மாறலாம். 2022-இல் வந்த 42-ஆம் பதிப்பில் அமெரிக்க ஆங்கில நேரத்தில் மணிக்கும் ஏஎம், பிஎம்முக்கும் நடுவே இருந்த சாதாரண இடைவெளியை மெலிந்த வேறொரு இடைவெளி எழுத்தாக மாற்றினார்கள், கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், ஆனால் நோடை (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் மென்பொருள்) மேம்படுத்தியவர்களின் டெஸ்டுகள் வரிசையாக விழுந்தன. நான் துண்டுகளாக வாங்கி, எண்களை மட்டும் ஒப்பிடுகிறேன்.

அகர வரிசை

லோடாஷின் சார்ட்பை இரண்டு சரங்களை ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள யூனிகோட் எண்ணை வைத்துத்தான் ஒப்பிடும். தமிழுக்கு யூனிகோடில் எழுத்துகள் வைத்திருக்கும் இடம் நம் அகர வரிசை இல்லை. ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, ழ, அப்புறம்தான் வ. அதனால் மயில்வாகனன், மல்லிகா, மனோகரன் என்ற மூன்று பெயர்களை வரிசைப்படுத்தினால் மனோகரன் முதலில் வந்து நிற்கும். பள்ளியில் படித்த வரிசைப்படி ய, ல எல்லாம் முடிந்து கடைசியாகத்தான் ன வர வேண்டும். நூறு பெயர் உள்ள பட்டியலில் யாரும் கவனிக்க மாட்டார்கள், ஆயிரக்கணக்கான உறுப்பினர் பெயர் உள்ள பட்டியலில் ஒரு பெயரைக் கண்ணால் தேடுகிறவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

இன்ட்லில் சரங்களை ஒப்பிடும் கொலேட்டருக்கு மொழி தமிழ் என்று கொடுத்தால் இது தானாகவே சரியாகிவிடுகிறது. வ, ழ, ள, ற, ன என்று நம் வரிசையே வருகிறது. ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் ன-வுக்குப் பிறகு கடைசியில் போய் நிற்கும், அகராதிகளில் இருப்பதுபோல. இதில் ஒரு பயனருக்கு வருத்தம், அவர்கள் பதிவேட்டில் ஜெயா என்ற பெயர் சகர வரிசையை ஒட்டியே இருந்து பழகிவிட்டது என்றார். அது நியாயமான கோரிக்கை, அதனால் அட்டவணையின் ஒவ்வொரு பத்திக்கும் (நெடுவரிசைக்கும்) ஒப்பிடும் ஃபங்ஷனைப் பயனரே கொடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தேன்.

கொலேட்டரை ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொண்டு அதன் கம்பேரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் லோகேல்கம்பேரைக் கூப்பிட்டால் பெரிய பட்டியலில் நன்றாகவே தாமதம் தெரியும். நியூமரிக் தேர்வையும் போட்டுவிடுங்கள், வார்டு 2 வார்டு 10-க்கு முன்னால் வந்துவிடும்.

எழுத்தை வெட்டும் இடமும் இப்படித்தான். நீளமான குறிப்பை இத்தனை எழுத்தோடு வெட்டி மூன்று புள்ளி வைக்க லோடாஷின் ட்ரங்கேட்டைப் பயன்படுத்தியிருந்தோம். அதற்கு ஐரோப்பிய மொழிகளின் மேற்குறிகள் தெரியும், இமோஜி தெரியும், நம் உயிர்க்குறியும் புள்ளியும் தெரியாது. "தமிழ்" என்ற சொல் அதன் கணக்கில் ஐந்து, நான்கோடு வெட்டினால் "தமிழ" என்று புள்ளி போய்விடும். இன்ட்லில் எழுத்துகளைப் பிரிக்கும் செக்மென்டர் அதை த, மி, ழ் என்று மூன்றாகப் பிரித்துத் தருகிறது, இனி எங்கே வெட்டினாலும் எழுத்து உடையாது. க்ஷ-வை மட்டும் க், ஷ என்று இரண்டாகத்தான் எண்ணும், ஸ்ரீ-யும் அப்படியே. வெட்டுகிற வேலைக்கு இது பெரிய குறை இல்லை, எழுத்தெண்ணிக்கை துல்லியமாக வேண்டும் என்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். செக்மென்டர் ஃபயர்ஃபாக்ஸுக்கு 2024 ஏப்ரலில் 125-ஆம் பதிப்பில்தான் வந்தது, பழைய ஃபயர்ஃபாக்ஸுக்காக யூனிகோட் பண்புகளை வைத்து, ஓர் எழுத்தும் அதைத் தொடரும் குறிகளும் என்று பிடிக்கும் ஒரு வரி ரெகுலர் எக்ஸ்பிரஷனை மாற்றாக வைத்திருக்கிறேன். திரையில் காட்டும் இடங்களில் இதுவும் வேண்டாம், சிஎஸ்எஸ்ஸின் டெக்ஸ்ட் ஓவர்ஃப்ளோவே பார்த்துக்கொள்ளும்.

எண்ணுக்கும் இதே இன்ட்ல்தான். தமிழ், இந்தியா என்று கொடுத்தால் 12,34,567. தமிழ், சிங்கப்பூர் என்று கொடுத்தால் 1,234,567. இதற்காக வைத்திருந்த பேக்கேஜையும் ஒரே வரியில் எடுத்தாயிற்று.

லோடாஷின் மிச்சம்

ஆப்ஜெக்டை உள்ளிருப்பதோடு முழுதாக நகலெடுக்கும் குளோன்டீப்புக்குப் பதில் ஸ்ட்ரக்சர்டுகுளோன், 2022 மார்ச்சிலிருந்து எல்லாப் பெரிய பிரவுசரிலும் இருக்கிறது. தேதி, மேப், செட், தன்னையே சுட்டும் ஆப்ஜெக்ட் எல்லாவற்றையும் சரியாக நகலெடுக்கும். ஆனால் உள்ளே ஒரு ஃபங்ஷன் இருந்தால் டேட்டாகுளோன்எரர் என்ற பிழையை எறிந்துவிடும். லோடாஷ் அப்படிச் செய்யாது, உள்ளிருக்கும் ஃபங்ஷனை அதே ஃபங்ஷனாக வைத்துவிட்டு மேலே போகும். எங்கள் பத்தி அமைப்பில் ஃபார்மட்டர் என்று ஃபங்ஷன் கொடுக்கலாம் என்பதால் முதல் டெஸ்டிலேயே இது விழுந்தது. அமைப்பை நகலெடுப்பதையும் தரவை நகலெடுப்பதையும் பிரித்தேன்: அமைப்புக்கு ஸ்ப்ரெட் வைத்து மேலோட்டமான நகல், தரவுக்கு மட்டும் ஸ்ட்ரக்சர்டுகுளோன். யோசித்தால் முன்பே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், அமைப்பை ஆழமாக நகலெடுப்பதால் யாருக்கும் பயன் இல்லை. வியூ என்ற ஃபிரேம்வொர்க்கைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க, அதன் ரியாக்டிவ் ஆப்ஜெக்டுகள் ப்ராக்ஸி (மூல ஆப்ஜெக்டைச் சுற்றிய உறை) என்பதால் அவற்றையும் ஸ்ட்ரக்சர்டுகுளோன் ஏற்காது, டுரா என்ற ஃபங்ஷன் வழியாக மூல ஆப்ஜெக்டை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

பயனர் தட்டச்சை நிறுத்தும்வரை காத்திருந்து ஒரேமுறை வேலை செய்ய வைக்கும் டிபவுன்ஸுக்கு பிரவுசரில் நேர் மாற்று எதுவும் இல்லை. பத்து வரியில் சொந்தமாக எழுதினேன்.

சர்வரோடு பேசுவது

ஆக்ஸியோஸை எடுத்துவிட்டு பிரவுசரின் சொந்த ஃபெட்ச் போடுவது எளிது என்று எல்லோரும் சொல்வார்கள். கூப்பிடும் வரி எளிதுதான், ஆக்ஸியோஸ் சொல்லாமல் செய்துகொண்டிருந்த வேலைகள்தான் நேரம் எடுக்கும். சர்வரிலிருந்து 404, 500 என்ற பிழை எண்கள் வந்தால் ஆக்ஸியோஸ் பிழையாக எறியும், ஃபெட்ச் எறியாது, பதிலின் ஓகே என்ற பண்பை நாமே பார்க்க வேண்டும். இது பலருக்கும் தெரிந்தது. அதிகம் பேசப்படாத இரண்டு உண்டு. ஒன்று, போலிக் கோரிக்கைகளைத் தடுக்க சர்வர் வைக்கும் எக்ஸ்எஸ்ஆர்எஃப் டோக்கன் என்ற குக்கியை ஆக்ஸியோஸ் தானாகவே படித்து ஹெடராக அனுப்பிவிடும். லாராவெல் என்ற சர்வர் ஃபிரேம்வொர்க்கில் இயங்கும் தளம் ஒன்றில் புது வெர்ஷனை வைத்துப் பார்த்தபோது படிக்கிற கோரிக்கை எல்லாம் போயிற்று, சேமிக்கிறது மட்டும் 419 என்ற பிழை எண்ணோடு திரும்பியது. காரணம் இதுதான். குக்கியைப் படித்து ஹெடர் வைப்பது லைப்ரரியின் வேலை இல்லை என்று முடிவு செய்து, ஃபெட்ச்சுக்குப் போகும் ஹெடர்களைத் தருகிற ஒரு ஃபங்ஷனைப் பயனரே கொடுக்கும்படி செய்தேன். இரண்டாவது, வடிகட்டியில் பல மதிப்புகள் தேர்ந்தால் ஆக்ஸியோஸ் அந்த மதிப்புகளின் வரிசையைச் சதுர அடைப்பு போட்ட ஒரே பெயரில் திரும்பத் திரும்ப எழுதி அனுப்பும், முகவரியின் கேள்விப் பகுதியைக் கட்டித் தரும் யுஆர்எல்சர்ச்பேராம்ஸுக்கு வரிசையை அப்படியே கொடுத்தால் காற்புள்ளி போட்ட ஒரே சரமாக்கிவிடும். சர்வர் அதைப் புரிந்துகொள்ளாமல் காலிப் பட்டியலைத் தரும், பிழை என்று எதுவும் வராது. வரிசையின் ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியாக அப்பெண்டு செய்தால் சரியாகும்.

நேரக்கெடுவுக்கு அபார்ட்சிக்னலின் டைம்அவுட், பயனர் வேறு பக்கத்தைத் தட்டினால் பழைய கோரிக்கையை நிறுத்த அபார்ட்கன்ட்ரோலர். அதே சிக்னலை, தட்டல் போன்ற நிகழ்வுகளைக் கவனிக்கும் லிசனரை மாட்டுகிற ஆட்இவன்ட்லிசனருக்கும் கொடுக்கலாம் என்பது எனக்குப் பெரிய வசதியாகிவிட்டது: அட்டவணையை அழிக்கும்போது ஒரே ஒரு அபார்ட், ஓடும் கோரிக்கைகளும் நிற்கும், மாட்டிய லிசனர்களும் கழன்றுவிடும். முன்பு இதற்கென்று ஒவ்வொரு லிசனரையும் பட்டியலிட்டு நீக்கும் நிரல் ஒரு கோப்பு முழுக்க இருந்தது.

பெட்டி

வரியின் விவரம் திறக்கும் பெட்டிக்கு எச்டிஎம்எல்லின் டயலாக் உறுப்பு. ஷோமோடல் கூப்பிட்டால் எல்லாவற்றுக்கும் மேலே வந்து நிற்கும், பின்னால் உள்ளதைத் தொட முடியாது, எஸ்கேப் அழுத்தினால் மூடும், மூடியதும் ஃபோகஸ் திறந்த இடத்துக்கே திரும்பும். ஃபோகஸ் பிடிக்கும் பேக்கேஜையும், எது மேலே நிற்பது என்பதற்காக எண்ணை ஏற்றி ஏற்றி வைத்த இசட்இண்டெக்ஸ் போராட்டத்தையும் சேர்த்தே அனுப்பியாயிற்று. பின்னால் பக்கம் உருள்வதை மட்டும் டயலாக் நிறுத்தாது, திறந்திருக்கும்போது பாடிக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் என்று சிஎஸ்எஸ்ஸில் ஹேஸ் செலக்டர் வைத்து ஒரே விதியாக எழுதினேன். வெளியே தட்டினால் மூடுவதும் தானாக வராது, தட்டியது டயலாக் உறுப்பே தானா என்று பார்த்து மூட வேண்டும், அதற்குப் பெட்டியின் உள்ளடக்கம் முழுவதும் இன்னொரு டிவ்வுக்குள் இருக்க வேண்டும், டயலாக்கில் பேடிங் இருக்கக் கூடாது. டெஸ்ட் பக்கம், நான் வைத்திருந்த ஜேஎஸ்டாம் என்ற போலி பிரவுசரில் ஷோமோடலே இல்லை, அதனால் பெட்டி சம்பந்தப்பட்ட டெஸ்டுகளை பிளேரைட் என்ற கருவி வழியாக உண்மையான பிரவுசருக்கு மாற்றினேன்.

கோப்பு இறக்குவதற்கு பிளாப் (கோப்பு போன்ற தரவுக் கட்டு) செய்து, அதற்கு ஒரு முகவரி வாங்கி, டவுன்லோட் பண்பு வைத்த இணைப்பைத் தட்டினால் ஆயிற்று. பழைய பேக்கேஜில் ஒரு தேர்வு மறைந்து கிடந்தது, இது யூனிகோட் கோப்பு என்று காட்டும் மறை எழுத்தான பைட் ஆர்டர் மார்க்கைக் கோப்பின் தலையில் வைப்பது. அது இல்லாவிட்டால் எக்செல்லில் சிஎஸ்வியைத் திறக்கும்போது தமிழ் முழுக்க உடைந்து குறிகளாகக் கொட்டும். எனவே பிளாப்பின் முதல் துண்டாக அந்த எழுத்தைக் கையாலேயே சேர்க்கிறேன்.

அடையாள எண் தரும் பிரவுசரின் ராண்டம்யுயுஐடியும் நகலெடுக்கும் கிளிப்போர்டும் எச்டிடிபிஎஸ்ஸிலும் லோக்கல்ஹோஸ்டிலும் மட்டுமே கிடைக்கும். அலுவலக உள்வலையில் வெறும் எச்டிடிபி முகவரியில் ஓடும் தளங்கள் இன்னும் இருக்கின்றன, அங்கே ராண்டம்யுயுஐடி என்பதே இருக்காது. வரிகளுக்கு அடையாளம் வைக்க எனக்கு உண்மையில் யுயுஐடி தேவையே இல்லை, ஒரு கவுன்ட்டர் போதும், அதையே வைத்தேன். கிளிப்போர்டு இல்லாத இடத்தில் நகலெடுக்கும் பட்டனைக் காட்டுவதில்லை.

எடுக்காமல் விட்டவை மூன்று. பயனர் எழுதிய எச்டிஎம்எல்லைச் சுத்தம் செய்யும் டாம்ப்யூரிஃபை அப்படியே இருக்கிறது, பாதுகாப்பு வேலையை நான் சொந்தமாக எழுதப் போவதில்லை, பிரவுசரின் சொந்த சுத்திகரிப்பு வசதி எல்லா இடத்திலும் நிலைக்கும்வரை அதைத் தொட மாட்டேன். சிஎஸ்வி எழுதுவது எளிது, ஆனால் வெளியிலிருந்து வரும் சிஎஸ்வியைப் படிப்பது மேற்கோள் குறி, உள்ளே வரி முறிவு என்று தொல்லை நிறைந்தது, ஆகவே பாப்பா பார்ஸும் இருக்கிறது, இறக்குமதி கேட்பவர்களுக்கு மட்டும் தனியாக ஏறும்படி பிரித்துவிட்டேன். குறிப்புப் பெட்டியைப் பட்டனுக்குப் பக்கத்தில் சரியாக நிறுத்தும் ஃப்ளோட்டிங் யுஐ மூன்றாவது. பாப்ஓவர் பண்பு திறப்பதையும் மூடுவதையும் பார்த்துக்கொள்கிறது, ஆனால் இடம் பார்த்து நிறுத்துவதற்கு ஆங்கர் பொசிஷனிங் வேண்டும், நாங்கள் தாங்கும் பழைய சஃபாரிகளில் அது இல்லை.

இதை எல்லாம் மேஜர் வெர்ஷனாகவே வெளியிட்டேன், நடத்தை மாறியிருப்பதால் அதுதான் முறை. பழைய வெர்ஷனுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் ஒரு வருடம் வரும். மாறுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை: தேதி ஐஎஸ்ஓ வடிவில் வருகிறதா, டோக்கன் ஹெடர் கொடுத்தாயிற்றா, வடிகட்டியின் வரிசைகள் சர்வருக்குப் பழைய வடிவிலேயே போகின்றனவா. பெயர்ப் பட்டியலின் வரிசை மாறித் தெரிந்தால் அது பிழை இல்லை, பழையபடியே வேண்டுமானால் அந்தப் பத்திக்கு உங்கள் ஒப்பீட்டு ஃபங்ஷனைக் கொடுத்துக்கொள்ளுங்கள்.